ஓரியனுக்கு ஒரு பில்டர்

பெல்மூர் தோட்டம், கலஹா
2026 ஜனவரி 6

அஸ்ஃபர்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நவம்பர் புயலில் விழுந்த டவரை இன்னும் யாரும் தூக்கி நிறுத்தவில்லை. போனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால் தேயிலை ஸ்டோர் மேட்டுக்கு இருபது நிமிடம் ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் இரண்டு அட்டையாவது காலில் ஏறியிருக்கும். அதனால் தாளில் எழுதி, காலை பஸ் கண்டக்டர் சுதேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடை அவனுக்குத் தெரியுமாம். பதிலையும் அவனிடமே கொடு.

விஷயம் இதுதான். கீழ் லயத்து வீடுகளில் மண் சரிந்து பதினொரு குடும்பம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறது. டிசம்பரில் கொழும்பில் இருந்து ஒரு நிவாரணக் குழு வந்தது. நாங்கள் கூரைத் தகரம் கேட்டோம். அவர்கள் தொலைநோக்கி கொண்டு வந்தார்கள். பொய் இல்லை. ஐந்து அங்குலக் கண்ணாடி, மேசையில் வைக்கும் வகை, கண் வைத்துப் பார்க்க இரண்டு ஐபீஸ். மண்டபத்துக்குள் காயப் போட்டிருந்த துணிகளை அள்ளச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் இருக்கும் பாலம்மா அக்கா கேட்டார்: "ஏன் டீச்சர், இதுக்குள்ள போய் படுத்துக்கலாமா?"

அதிபர் செல்லச்சாமி சேர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து நாள் சண்டை பிடித்தேன். கடைசியில் மாதத்துக்கு ஒரு மாலை, அமாவாசையை ஒட்டி, ஒரு மணி நேரம் தர ஒத்துக்கொண்டார். "புள்ளைங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சரி. ஒன்னும் தெரியலன்னா ஏன் வீணா வெளிய எடுத்து ஒடைக்கணும்? உள்ளயே இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் பத்தாம் வகுப்பின் முப்பத்திரண்டு பேருக்கும் நான் எதையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சாமான் அலுமாரியிலேயே செத்துவிடும்.

சந்திரனைக் காட்டுவது சுலபம், ஆனால் அமாவாசையில் சந்திரன் கிடையாது. எனக்கு ஓரியன் நெபுலாவைக் காட்ட வேண்டும். டிசம்பரில், சேர் பூட்டும் முன், நான் மட்டும் பார்த்தேன். ஈரத்துணியால் பாதி துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. காரணம் எதிர் மலை ஹோட்டல். சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும்போது பார்க்கட்டும் என்று அருவிக்கு வெளிச்சம் அடிக்கிறான். விடியும்வரை. வெள்ளை எல்ஈடி. இந்தப் பக்கம் பதினொரு குடும்பம் ஒரே பல்பின் கீழே சமைக்கிறது, கக்கூஸுக்குப் போகும் பாதையில் அதுவும் இல்லை. அந்தப் பக்கம் தண்ணீருக்கு லைட்.

ஐபீஸில் திருகும் பில்டர் ஒன்று இருந்தால் அந்த வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று பேராதனை கம்பஸில் நீதான் சொல்லித் திரிவாய். எது வாங்குவது? மலிவாக இருக்க வேண்டும். என் சம்பளம் உனக்குத் தெரியும்.

மதுஷா


கண்டி
ஜனவரி 9

மதுஷா,

உன் கடிதம் வெற்றிலை வாசத்தோடு வந்து சேர்ந்தது. சுதேஷ் அதைத் தன் வெற்றிலைப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறான்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்கிறேன். இணையத்தில் பன்னிரண்டு நிறக் கண்ணாடி உள்ள பெட்டி விற்பார்கள். ஒரு பில்டர் விலைக்குப் பன்னிரண்டு என்று உனக்கு ஆசை வரும். வாங்காதே. சிவப்பும் மஞ்சளும் கோள்களுக்கு ஓரளவு உதவும். நெபுலாவுக்கு உதவாது. அதில் சூரியனைப் பார்க்க என்று கறுப்பாக ஒன்று வரும். யாராவது உனக்கு இலவசமாகத் தந்தாலும் கல்லில் வைத்து உடைத்துப் போடு. வெயிலில் அது வெடித்தால் பிள்ளையின் கண் போய்விடும்.

இரண்டாவது, ஆகாய வெளிச்சத்தைக் குறைக்கும் என்று ஒரு பில்டர் இருக்கிறது. மலிவு. அது பழைய மஞ்சள் தெருவிளக்குக் காலத்தில் செய்தது. அந்த விளக்கில் சில நிறங்கள்தான் இருந்தன, அதை வெட்டினால் போதும். உன் ஹோட்டல்காரனின் எல்ஈடியில் எல்லா நிறமும் இருக்கிறது. எதை என்று வெட்டுவது?

அதனால் வழியைத் திருப்பிப் போட வேண்டும். ஓரியன் மாதிரியான நெபுலா பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நீலப்பச்சையில்தான் நம் கண்ணுக்கு வெளிச்சம் தருகிறது. அதை மட்டும் விட்டு, மற்றதை எல்லாம் நிறுத்தும் பில்டர் வேண்டும். அதன் பெயர் யூஎச்சி. அதைவிட இறுக்கமாக ஓ-த்ரீ என்று ஒன்று உண்டு, ஆனால் உன் ஐந்து அங்குலத்துக்கு அது படத்தையே இருட்டாக்கிவிடும். யூஎச்சி போதும். பெரிய பெயர் போட்டது உன் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். சீனாவில் செய்தது அதில் கால்வாசிக்குக் கீழே, முக்கால்வாசி வேலையைச் செய்யும்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. எனக்காக எடுத்தது. மடவளையில் வீட்டு மாடியில் இருந்து பார்க்க வானமே இல்லாமல் போய்விட்டது, நீ வைத்துக்கொள். பழைய சிடி ஒன்றில் பல்பின் வெளிச்சத்தை விழவைத்து, அந்த வானவில்லைப் பில்டர் வழியாகப் பார்த்துச் சோதித்திருக்கிறேன். நீலப்பச்சையில் ஒரு கீற்றும், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பும் மட்டும் நின்றது. சாயம் போட்ட கண்ணாடி என்றால் பச்சை முழுக்கப் பரவித் தெரியும். சந்தேகம் வந்தால் நீயும் அப்படியே செய்து பார்.

25 மில்லிமீட்டர் ஐபீஸில் மட்டும் போடு, 10இல் போடாதே. தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளச் சொல். பத்து நிமிடம் இருட்டில் நிற்காமல் யாரையும் பார்க்க விடாதே. முக்கியமாக ஒன்று: பில்டர் வெளிச்சத்தைக் கூட்டாது. பிள்ளைகளிடம் முதலே சொல், படத்தில் பார்ப்பது மாதிரி சிவப்பு ரோஜா எதுவும் வராது.

மாமா சலாம் சொல்லச் சொன்னார். போன வருடம் உன் பிள்ளைகளுக்குக் கொடுத்த மூக்குக்கண்ணாடிகளில் எத்தனை உடைந்தது என்று கேட்கிறார். உடைந்ததை அனுப்பு, பிரேம் மாற்றித் தருவாராம்.

அஸ்ஃபர்


பெல்மூர் தோட்டம்
ஜனவரி 21

அஸ்ஃபர்,

பில்டரை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பெட்டி கிழியவில்லை. வேறு யாருக்காவது கொடு.

நேற்றுத்தான் எங்கள் ஒரு மணி நேரம். பொங்கலுக்குக் கெலிஓயாவில் அம்மாவிடம் போய்விட்டுத் திங்கள்தான் திரும்பினேன். நான் இல்லாத நாளில் இங்கே தொலைநோக்கிக்குத் திறப்பு விழா. பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் சிவப்பு ரிப்பன் வெட்டினாராம். பூசையாம், பொன்னாடையாம், குழாயைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும். உறுப்பினர் ஒரு தடவைகூட உள்ளே பார்க்கவில்லை. பட்டப்பகலில் பார்க்க என்ன இருக்கிறது? மண்டபத்துக் குடும்பங்களை அன்றைக்கு முழுக்க ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டார்கள், படத்தில் விழக் கூடாதென்று. சந்தனத்தை நான் துடைத்தேன். அருவருப்பாக இருந்தது.

அதை விடு. நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். 25 ஐபீஸ், கறுப்புத் துணி, பத்து நிமிடம். முப்பத்திரண்டு பிள்ளைகள் குளிரில் நின்றார்கள். தெரிந்தது என்ன தெரியுமா? அழுக்குப் பச்சையில் ஒரு மூட்டம். டிசம்பரில் பில்டர் இல்லாமல் தெரிந்த அளவுகூட இல்லை. தர்ஷிகா என்று ஒரு பிள்ளை, வகுப்பிலேயே வாய் அதிகம் உள்ளவள், குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனாள். எனக்குப் பாவம் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செல்லச்சாமி சேர் அலுமாரியைப் பூட்டினார். "எங்க வாங்குனீங்க?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அதான பாத்தேன். அந்த ஆளுங்ககிட்ட வாங்கினா இப்புடித்தான். கண்ணாடித் துண்டுக்கு சாயம் அடிச்சு வித்துருவானுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

பிள்ளைகளுக்கு என்று தெரிந்தும் உனக்கு மனம் வந்ததே. இனி எனக்கு எழுதாதே.

மதுஷா


கண்டி
ஜனவரி 27

மதுஷாவுக்கு,

எழுதாதே என்றாய். வாடிக்கையாளர் திருப்பிய பொருளுக்குக் கடை பதில் சொல்ல வேண்டும். அதனால் இது கடையின் கடிதம்.

பொருளைச் சோதித்தோம். உன் கடிதத்தைப் பிரித்தது மாமா. பொருள் திரும்பி வந்தால் அவர்தான் பிரிப்பார், அது கடை வழக்கம், நீ எழுதியது கணக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தப் புள்ளைட இஸ்கூலுக்கா நாம போன வருஷம் கண்ணாடி குடுத்த?" என்றார். ஆம் என்றேன். "செரி. குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

பிறகு கடையில் சிடியை எடுத்து, எல்ஈடியைப் போட்டு, மாமாவின் மகளைக் கட்டியவன், பக்கத்து போன் கடைக்காரன் எல்லோர் முன்னாலும் பார்த்தேன். நீலப்பச்சைக் கீற்று. ஓரத்தில் சிவப்பு. முன்பு இருந்தது போலவே. சாயம் இல்லை. இந்தச் சோதனையை உனக்கு எழுதியிருந்தேன். செய்தாயா?

இன்னொரு கேள்வி. அன்றைக்குப் பில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தாயா? பேராதனையில் முதலாம் வருடப் பிள்ளைக்குத் தெரியும், புதிதாகப் போட்டதைக் கழற்றிப் பார்த்தால்தான் குறை எங்கே என்று தெரியும். நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறாய். உன் அதிபர் சொன்னதும் உனக்கு விடை கிடைத்துவிட்டது, அதற்குமேல் கழற்றிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, அப்படித்தானே.

2018 மார்ச் கலவரத்தில் திகனையில் மாமாவின் பழைய கடை எரிந்தது. உனக்குத் தெரியும். சாம்பலுக்குள் பிரேம்கள் எல்லாம் உருகிக் கட்டியாகிக் கிடந்ததை நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு அடுத்த வருடம் மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கண்டி பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி என் பையை மட்டும் இறக்கிக் கொட்டச் சொன்னபோது, அப்போது எனக்குச் சரியாகப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி தன் பையையும் வீதியில் கொட்டினாள். "அப்போ என்னோடதையும் பாருங்க" என்றாள். சோற்றுப் பொட்டலம் அவிழ்ந்து வீதியெல்லாம் சோறு. அவளைத்தான் நான் ஏழு வருடமாக அறிந்திருந்தேன்.

கல் எறிகிறவன் சொன்ன வார்த்தை எனக்குப் பழக்கம். உன் கையெழுத்தில் அதைப் பார்ப்பது பழக்கமில்லை.

பில்டர் கடையில் இருக்கிறது.

அஸ்ஃபர்


பெல்மூர் தோட்டம்
பெப்ரவரி 19

அஸ்ஃபர்,

இந்தக் கடிதத்தை மாமா பிரித்தாலும் பரவாயில்லை. அவர் பிரிப்பதே நல்லது.

உன் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். முதல் வாரம் கோபம். பில்டரைக் கழற்றிப் பார்த்தாயா என்ற கேள்வி மட்டும் காலில் குத்திய முள் மாதிரி இருந்தது. நான் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம், முப்பத்திரண்டு பேர், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முந்தாநாள் அமாவாசை. செல்லச்சாமி சேர் சாவி தரவில்லை. "அதான் ஒன்னும் தெரியலயே டீச்சர்" என்றார். தராவிட்டால் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவேன் என்று மிரட்டி, பகலில் பத்து நிமிடத்துக்கு மட்டும் வாங்கினேன். குழாயை ஜன்னல் பக்கம் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியின் நடுவே செவ்வந்திப் பூ இதழ் இரண்டு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி மஞ்சள் படை. ஒரு ஓரத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று எதோ. அதில் எறும்புகள். நூறு நூற்றைம்பது செத்த எறும்பு. பூஞ்சணம் வேறு பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது.

பாலம்மா அக்காவிடம் கேட்டேன், பொங்கலன்றைக்கு என்ன செய்தார்கள் என்று. அவர் ஆற்றங்கரையில் இருந்தாலும் அவர் மகன் பார்த்திருக்கிறான். மேசையில் அந்தக் குழாயை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தார்களாம். பார்க்க நிறைகுடம் மாதிரியே இருந்ததாம். மூடியைத் திறந்து மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூப் போட்டு, சாம்பிராணி காட்டி, கடைசியில் உறுப்பினர் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை எடுத்து உள்ளே விட்டாராம். எல்லோரும் கை தட்டினார்கள். "நல்லதுதானே டீச்சர், சாமிக்குப் படைச்சாத்தானே வெளங்கும்" என்றார் அக்கா. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவருக்கும் அதற்குள் கண்ணாடி இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். டிசம்பரில் இருந்து அலுமாரிச் சாவிக்குச் சண்டை பிடித்தேனே தவிர, அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் திறந்து காட்டவில்லை.

ஆக, எங்கள் ஆட்கள் கண்ணாடிக்குள் பொங்கலை ஊற்றினார்கள். எறும்பு மொய்த்தது. நான் உன்னைக் கள்ளன் என்றேன்.

நான் எழுதிய வரியைப் பற்றி. அது அதிபர் சொன்னது என்று இந்த மூன்று வாரமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது அவர். எழுதியது நான். அவர் சொன்னதும் எனக்கு அது பொருந்திப் போனது, அவ்வளவு சுலபமாக. அந்த வார்த்தை எனக்குள்ளே ஏற்கெனவே எங்கேயோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி வந்து உட்கார்ந்திருக்காது. தோட்டக்காட்டான் என்று எங்களை இழித்துச் சொல்கிறவனை அடிக்கப் போகிறவள் நான். எந்த எறும்பைவிடவும் அதுதான் எனக்கு அருவருப்பு.

மன்னிப்பு என்ற சொல்லை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, அது சின்னச் சொல். மாமாவிடம் சொல், அவர் தந்த மூக்குக்கண்ணாடிகளில் ஒன்றும் உடையவில்லை. பதினேழும் அப்படியே இருக்கிறது. தர்ஷிகா போட்டிருப்பதும் அதில் ஒன்று.

கண்ணாடியைக் கழுவ முடியுமா? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். மார்ச் 19 அடுத்த அமாவாசை. அதற்குப் பிறகு ஓரியன் மேற்கே போய்விடும், பாடசாலை விடுமுறையும் வந்துவிடும். அதற்குள் காட்டாவிட்டால் சாவி இனி வெளியே வராது.

மதுஷா


கண்டி
மார்ச் 3

மதுஷா,

நோன்பு பிடித்துக்கொண்டு கடையில் நிற்கிறேன், கோபப்படத் தெம்பு இல்லை. அதனால் வேலையை மட்டும் எழுதுகிறேன்.

குழாயின் அடிப்பக்கத்தில் சிறிய திருகாணிகள் இருக்கும். கழற்றும் முன் வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடு, திரும்பப் பொருத்தும்போது அதே இடத்தில் வர வேண்டும். கண்ணாடியின் முகத்தில் விரல் படக் கூடாது. முதலில் எறும்பையும் பூவையும் ஓடும் தண்ணீரில் போக விடு. தேய்க்காதே. பிறகு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கோப்பை கழுவும் திரவம் ஒரு சொட்டு, ஒரு மணி நேரம் ஊற விடு. பஞ்சுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, அதன் பாரம் மட்டும் படும்படி ஒரு தடவை இழு, எறி. அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு. கடைசியில் பஸ் கராஜில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேட்டு வாங்கி அலசு, இல்லாவிட்டால் உங்கள் ஊற்றுத் தண்ணீரின் கறை காய்ந்து நிற்கும். சரித்து வைத்துக் காய விடு. துணி போடாதே.

மஞ்சளும் வெல்லமும் ஆறு வாரம் இருந்தால் மேலே உள்ள அலுமினியப் பூச்சை எங்காவது அரித்திருக்கும். அரித்த இடம் இனித் திரும்பாது. அதற்காகப் படத்தில் ஓட்டை விழாது, கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்.

பில்டரை இதோடு அனுப்புகிறேன். இது உனக்கு இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனாள் என்று எழுதியிருந்தாய், அவளுக்கு. இரவல். வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும்.

மாமா உன் கடிதத்தை வாசித்தார். "எறும்பா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, உடனே வாயை மூடிக்கொண்டார். பதினேழும் உடையவில்லை என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. வீதியில் சோறு கொட்டிக் கிடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். முன்பு நினைத்தால் தைரியம் வரும். இப்போது நினைத்தால் உன் கடிதத்தின் அந்த வரியும் கூடவே வருகிறது.

அஸ்ஃபர்


பெல்மூர் தோட்டம்
மார்ச் 20

அஸ்ஃபர்,

நேற்று முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

கழுவ வேண்டும் என்று சேரிடம் சொல்லிக் கண்ணாடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன், ஆனால் தனியாகக் கழுவவில்லை. பத்தாம் வகுப்பை முழுக்கக் கூட்டி வைத்து, மண்டபத்துக் குடும்பங்களையும் கூப்பிட்டு, மேசையின் நடுவே வைத்துக் கழுவினேன். உறுப்பினரின் பொங்கல் பேசினில் மிதந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பேட்டரித் தண்ணீரைச் சுதேஷ் கராஜில் இருந்து கொண்டு வந்து தந்தான். பாலம்மா அக்கா தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு, "ஐயோ, அப்போ இதுக்குள்ளயா ஊத்துனாங்க, படுபாவிங்க" என்றார். அலுமினியம் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவுக்குப் போய்விட்டது. அதன் வழியாக மேசையின் மரம் தெரிகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன், வேறு வழியும் இல்லை.

சாவிக்கு இந்த முறை சண்டை பிடிக்கவில்லை. கழுவிய கண்ணாடி என் கையில் இருந்தது, வெறும் குழாய்தான் அலுமாரியில். சேருக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது, பிறகு தானே சாவியைத் தந்தார்.

ஏழரை மணிக்கு வானம் சுத்தம். எதிர் மலையில் அவன் அருவிக்கு லைட் அடித்துக்கொண்டுதான் இருந்தான். முதலில் பில்டர் இல்லாமல் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு போட்டுக் காட்டினேன். கழற்றி, போட்டு, கழற்றி, போட்டு. இனி நான் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பப் போவதில்லை. பில்டரோடு பார்த்தபோது ஹோட்டல் வெளிச்சம் கீழே இறங்கிப் போய், நடுவில் நாலு நட்சத்திரமும் அதைச் சுற்றி விரிந்த பறவைச் செட்டையும் தனியாக எழும்பி நின்றது. சாம்பலுக்குள் லேசான பச்சை. ஒரு பையன் வௌவால் என்றான். ஒருத்தி லயத்து அடுப்பில் ஈர விறகு வைத்த புகை என்றாள். தர்ஷிகா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி கழற்றி, ஐந்து நிமிடம் நின்றாள். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். "இருங்கடி, இப்பத்தான் அது வருது" என்றாள்.

செல்லச்சாமி சேர் பிந்தி வந்தார், வரிசையில் முன்னால் வந்து நின்றார். பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். நின்றார், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே. முறை வந்ததும் குனிந்தார். "என்னம்மா, ஒன்னுமே தெரியலயே" என்றார். "போன மூடிட்டு பத்து நிமிஷம் இருட்டுல நில்லுங்க சேர், தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. அவர் நிற்கவில்லை.

இன்று காலை ஆசிரியர் அறையில், "பரவாயில்ல, இந்தத் தடவ நல்ல சாமானா மாத்திக் குடுத்துட்டானா?" என்று கேட்டார். நான் எழும்பி நின்று சொன்னேன்: "அதே சாமான் சேர். மஞ்சத்தண்ணி ஊத்துனது நம்ம ஆளுங்க. நீங்க சொன்னத நம்பி அந்த ஆளுக்கு நான் அசிங்கமா கடிதம் எழுதினேன். அது என் தப்பு. இனிமே என் முன்னால அப்புடிப் பேசாதீங்க." கணிதம் படிப்பிக்கும் சுமன் சேர் பேனாவை மூடி மூடித் திறந்தார். இடமாற்றம் வருமோ என்னமோ. அந்த வரியை அழிக்க இது போதும் என்று நான் நினைக்கவில்லை. நான் அதை எழுதினேன், உன் மாமா அதை வாசித்தார், அது நடந்துவிட்டது. அந்தக் கண்ணாடியில் பூச்சுப் போன இடம் மாதிரி.

பில்டரை இதோடு திருப்பி அனுப்புகிறேன். முதல் தடவை திருப்பியது போல இல்லை. இரவல் என்றாய், அதனால் திரும்பி வருகிறது. பெட்டியின் மேல் தர்ஷிகா உன் பெயரை எழுதியிருக்கிறாள், கையெழுத்து மோசம், மன்னித்துக்கொள்: "அஸ்ஃபர் சேருடையது. கையால் தொடாதே." உன்னை யார் என்று கேட்டாள். சொன்னேன். நான் எழுதியதையும் சொன்னேன். "அப்போ அவரு இனிமே வர மாட்டாருல்ல டீச்சர்" என்றாள். தெரியாது என்றேன்.

நாளையோ மறுநாளோ உங்களுக்குப் பெருநாள். மாமாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்தைச் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

டவரைப் போன கிழமை தூக்கி நிறுத்திவிட்டார்கள். போனில் இப்போது மூன்று கோடு வருகிறது. இருந்தாலும் தாளில் எழுதுகிறேன். போனில் என்றால் நான் அவசரப்பட்டு எதையாவது சொல்வேன், நீயும் சரி என்று சொல்லிவிடுவாய்.

ஏப்ரல் அமாவாசை விடுமுறைக்குள் விழுகிறது. மே 16 சனிக்கிழமை. ஓரியன் அப்போது இருக்காது. தெற்கே, ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே, கரீனா நெபுலா வரும், ஓரியனைவிடப் பெரிது, அந்தப் பக்கம் ஹோட்டலும் இல்லை. ஆனாலும் பில்டர் இல்லாமல் ஐந்து அங்குலத்தில் அது பாதிதான் தெரியும்.

உன் பொருள். சுதேஷிடம் கொடுத்து விடுவாயா, கடையிலேயே வைத்துக்கொள்வாயா, நீயே எடுத்து வருவாயா, அது உன் பாடு. கண்டியில் இருந்து கடைசி பஸ் ஐந்தரைக்கு.

மதுஷா